பதினோராம் தூணின் தலைமுடி

ஆடி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை விடிந்தபோது நெடுங்கல் கூட்டுரோட்டில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தின் பதினோராம் தூணுக்கு முடி முளைத்திருந்தது. முதலில் பார்த்த பால்வண்டிக்காரர் பாசி என்றார், அடுத்துப் பார்த்த பஸ் கண்டக்டர் சாக்குப்பை நார் என்றார், ஜல்லி லாரி ஓட்டி வந்தவர் கம்பெனிக்காரன் சிமெண்டைக் குறைத்துத் தேங்காய் நாரைக் கலந்து ஊற்றியிருக்கிறான் என்று சொல்லி, அது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். பத்து மணிக்குள் ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போய், இதற்கென்றே தொழில் தெரிந்த ஒருவர் இருக்கும்போது நாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று சலூன்கார கோதண்டத்துக்கு ஆள் அனுப்பியது.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. கோதண்டம் லுங்கியோடு வந்தார். லாரியைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, கேபின் மேல் ஏறி நின்று, புறங்கையால் தடவிப் பார்த்தார், ஒரு முடியைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார், விரலில் உருட்டிப் பார்த்தார். கீழே இருநூறு பேர் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

"மனுச முடிதான். அஞ்சு நாள் வளர்த்தி. எண்ணெய் காணாத தலை" என்றார்.

ஊருக்கு நிம்மதியாகிவிட்டது. இன்னதென்று தெரிந்துவிட்டால் நெடுங்கல்லுக்கு எதுவும் பிரச்சினை இல்லை. அன்று சாயங்காலமே டீக்கடைக்காரர் தன் போர்டில் 'முடித்தூண் டீ ஸ்டால்' என்று எழுதிவிட்டார், அந்த வாரமே கண்டக்டர்கள் "முடித்தூண் எறங்கு" என்று விசிலடிக்கத் தொடங்கினார்கள், வழுக்கை விழத் தொடங்கிய ஆண்கள் வெளியூரிலிருந்து வந்து தூணின் அடியில் தலையைத் தேய்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு போனார்கள். அது யாருடைய முடி என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பாலம் முடிந்தால் பஸ் பதினைந்து நிமிடம் முன்னதாக வரும் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

கம்பெனியின் பெயர் வஜ்ரபாகு. அணை, சுரங்கம், பாலம் என்று கனமானதை மட்டும்தான் கட்டும், அதன் ஆட்களும் கனமாகத்தான் பேசுவார்கள். சைட்டின் வாசலில் ஒரு ஆள் படுத்துத் தூங்கும் அளவுக்கு மஞ்சள் ஹெல்மெட் ஒன்றைச் சிலையாகச் செய்து வைத்திருந்தார்கள். அதன் கீழே 'உங்கள் உயிர் எங்கள் அஸ்திவாரம்' என்று எழுதியிருந்தது. எழுதியவன் அதை ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கலாம். பக்கத்தில் ஒரு பலகை, விபத்தில்லா நாட்கள் அறுநூற்றுப் பதினொன்று என்றது. உண்மையான ஹெல்மெட்டுகள், இடுப்பு பெல்ட்டுகள், கொக்கிகள், பூட்ஸ்கள் எல்லாம் ஆபீசில் ஒரு கண்ணாடி பீரோவில் பூட்டியிருந்தன. பெரிய அதிகாரிகள் பார்வையிட வரும்போது கீறல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றை வேலைக்கு எடுப்பதில்லை. ஆட்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஐம்பதடி உயரத்தில் கம்பி கட்டினார்கள்.

புதன்கிழமை காலை பிராஜெக்ட் மேனேஜர் வித்யாசாகர் கோதண்டத்தின் சலூனுக்கே வந்தார். பதினான்கு பாலம் கட்டியவர், ஒன்றின் மீதும் நடந்தவர் இல்லை. நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, உட்காராமலே நின்றார்.

"வாராவாரம் அந்தத் தூணை ஷேவ் பண்ணணும். உன்னால முடியுமா?"

"முடியுங்க. ஆனா அது ஏன் முளைக்குதுன்னு பாத்துட்டு..."

"அதைப் பாக்க எங்ககிட்ட ஆளு இருக்கு. ஐப்பசியில டெல்லியிலேர்ந்து கமிட்டி வருது. சேஃப்டி அவார்டுக்கு எங்க சைட்டைத்தான் எடுத்திருக்காங்க. அதுவரைக்கும் தூணு தூணா இருக்கணும்." பிறகு கூரையை, சுவரை, வாசலை எல்லாம் அளவெடுப்பதுபோல் பார்த்தார். "இந்தக் கடை நெடுஞ்சாலை எடத்துல இருக்குன்னு சொன்னாங்க. நான்தான் இப்போதைக்கு விடுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

முப்பத்திரண்டு வருடமாக அதே இடத்தில் நின்று ஊரின் தலைகளைக் குனிய வைத்த கோதண்டம், தன் தலையைக் குனிந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவரைத் தூணில் ஏற்றுவதற்கு முன் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். எடுத்தவர் சேஃப்டி ஆபீசர் நிர்மல்ராஜ்; இருபத்தாறு வயது, அயர்ன் கலையாத சட்டை, தன் குரலையே கேட்டு ரசிக்கும் காது. விழுவது ஏன் கெட்டது என்று படம் போட்டுக் காட்டினார். கண்ணாடி பீரோவைத் திறந்து ஹெல்மெட், பூட்ஸ், கண்ணாடி, கையுறை, இரட்டைக் கயிறு பெல்ட் எல்லாம் எடுத்து மாட்டிவிட்டார்கள். ஏழு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கீழே ஆம்புலன்ஸ் ஒன்று எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றது. கிரேனில் தொங்கிய கூண்டில் நின்றுகொண்டு கல்யாண யானைபோல் கோதண்டம் மேலே போனார்.

"இதெல்லாம் மத்தவங்களுக்கும் குடுத்தீங்களா சார்?" என்று இறங்கிய பிறகு கேட்டார்.

"அவங்கள்லாம் சப்-கான்ட்ராக்ட்" என்றார் நிர்மல்ராஜ், சப்-கான்ட்ராக்டில் வருகிறவனுக்கு எலும்பு வேறு மாதிரி இருக்கும் என்பதுபோல். "நீங்க வெளி ஆளு. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்கதான் பதில் சொல்லணும்."

ஒரு தூணை மழிக்க மூன்று மணி நேரம் ஆனது. வாரம் தவறாமல் மழித்தார், வாரம் தவறாமல் வளர்ந்தது. கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு தூணைச் சோதித்து 'மேற்பரப்பில் இயற்கை நார்ப்படிவு, தாங்குதிறனில் பாதிப்பில்லை' என்று நாற்பது பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. நார்ப்படிவுள்ள தூண் சாதாரணத் தூணைவிட உறுதியானது என்று ஒரு இன்ஜினியர் கூட்டத்தில் பேசினார், கைதட்டினார்கள். ஊரில் ஒருவர் தூணுக்கு மஞ்சள் துணி கட்டினார், இன்னொருவர் மஞ்சள் துணி கட்டியது தப்பு என்று சண்டைக்கு வந்தார், இருவரும் சமாதானமாகிச் சாம்பிராணி போட்டார்கள்.

மூன்றாவது முறை மழித்த செவ்வாய்க்கிழமை, கூண்டு முப்பதடி உயரத்தில் நின்றபோது, தூணின் கிழக்குப் பக்கத்தில் கோதண்டத்தின் கத்தி நின்றுவிட்டது. அங்கே முடி இரண்டு சுழியாகச் சுழன்றது. ஒன்று வலது பக்கமாக, மற்றது இடது பக்கமாக, இரண்டுக்கும் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு நரை. முகத்தை மறந்தாலும் தலையை மறக்காத தொழில் அது. அந்தத் தலையில் கோதண்டம் இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை கத்தரி போட்டிருக்கிறார். அது கம்பி கட்டும் மன்னாதனின் தலை. கல்வராயன் மலையடிவாரத்துக்காரன், முடி வெட்டும்போது தூங்கிவிடுகிறவன், விழித்ததும் கண்ணாடியைப் பார்த்து "பரவால்லண்ணே, இன்னும் ஆளு மாதிரிதான் இருக்கேன்" என்கிறவன். ஆனி மாதத்திலிருந்து அவனைக் காணவில்லை. சொல்லாமல் ஓடிவிட்டான் என்று கம்பெனி சொன்னது, கோதண்டமும் நம்பியிருந்தார்.

அவர் என்ன செய்தார் என்றால், மிச்சத்தையும் மழித்துவிட்டு இறங்கி வந்தார். அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டுக்குப் போய் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடாமல் கை கழுவினார். மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை ஆணியில் மாட்டினார். வாட்ச்மேன் அவரை சார் என்று கூப்பிடுவது அந்த அட்டைக்காகத்தான், அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிர்மல்ராஜ் முகச்சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். கோதண்டம் நுரையைப் பூசி, கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"அந்தத் தூணுக்கு கான்கிரீட் ஊத்துன அன்னைக்கு நீங்க இருந்தீங்களா சார்?"

நிர்மல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் தான் பேசுவது தனக்கே தெரியாது என்று நினைக்கிற வகை. "இருந்தேன். மேலே பலகையில நின்னு பம்ப் பைப்பைப் பிடிச்சிட்டு இருந்தான். பைப்பு உதறுச்சு. கொக்கி இருந்திருந்தா தொங்கியிருப்பான். உள்ளே விழுந்துட்டான், கம்பிக்கூண்டுக்குள்ள. நான் விசில் அடிச்சேன்."

"நிறுத்துனாங்களா?"

"பாதியில நிறுத்தினா ஜாயின்ட் விழும், தூணையே இடிக்கணும். மேனேஜர் போன்ல இருந்தாரு. 'ஆள் இன்னும் இருக்கானா'ன்னு கேட்டாரு. கையை அசைக்கிறான் சார்னு சொன்னேன். 'நீ பாத்தது கையா கம்பியான்னு நல்லா யோசிச்சுச் சொல்லு'ன்னாரு." நுரைக்குள் உதடு நின்றது. "யோசிச்சேன்."

கோதண்டம் கத்தியைத் தொண்டையிலிருந்து எடுத்துவிட்டுத் துடைத்தார். அப்படிப்பட்ட ஒரு தொண்டைக்காகத் தன் கத்தியைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. நிர்மல்ராஜ் நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்து சட்டையை நீவிவிட்டு, "நான் எதுவும் சொல்லலை" என்று சொல்லிப் போனார்.

ஏழாவது முறை மழித்த பின் வந்த திங்கட்கிழமை காலை ஒரு பெண் சலூன் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் மஞ்சப்பை.

"கோதண்டண்ணன் கடை இதுதானே? நான் மன்னாதன் வூட்டுக்காரி. பேரு பூங்காவனம். கம்பெனி கேட்டுல ரெண்டு வாட்டி நின்னு பாத்துட்டேன், ஓடிப்போயிட்டான்றாங்க. அவரு கடைக்கிப் போறதுக்கே எங்கிட்ட சொல்லிட்டுப் போற ஆளு. ஒங்க கடையில வந்து தூங்குவேன்னு போன்ல சொல்லுவாரு. ஒங்களாண்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் கோதண்டம்.

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். டீக்கடை தாண்டினாள், பஸ் ஸ்டாப் தாண்டினாள். கோதண்டம் கடையில் இருந்த ஆளைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு ஓடினார்.

"அம்மா, நில்லு. நான் சொன்னது பொய்."

அவளை சைட்டுக்கு அழைத்துப் போனார். தன் உதவிக்கு வந்த ஆள் என்று வாட்ச்மேனிடம் சொன்னார். தன் ஹெல்மெட்டை அவள் தலையில் வைத்து, தன் பெல்ட்டை அவள் இடுப்பில் இறுக்கி, கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கூண்டில் ஏற்றினார். கிரேன் ஓட்டுகிறவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது, நூற்று நாற்பது தொழிலாளிகளுக்கும் தெரிந்திருந்தது, தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அவரவர் தனித்தனியாகத் தெரிந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

முப்பதடியில் பூங்காவனம் தூணின் மீது உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். கை இரட்டைச் சுழியில் வந்து நின்றது. அழவில்லை. "எண்ணெயே வெக்கல பாரு" என்றாள். அப்புறம்தான் தொண்டை உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு கம்பி வெட்டும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கூண்டிலேயே கோதண்டம் நிர்மல்ராஜ் சொன்னது முழுவதையும் சொன்னார், தான் ஐந்து வாரம் வாயைத் திறக்காததையும் சொன்னார். அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

இருவரும் மேனேஜரைப் போய்ப் பார்த்தார்கள். ஏசி அறை. சுவர் முழுக்கக் கேடயங்கள்.

"அவரு செத்துட்டாருன்னு ஒரு தாளுல எழுதிக் குடுங்க, அது போதும். சடங்கு செய்யணும்" என்றாள் பூங்காவனம்.

வித்யாசாகர் மிகவும் பொறுமையாகப் பேசினார், பொறுமை அவருக்கு இலவசமாக வந்தது. "இங்க யாரும் சாகலைம்மா. பாடி இருக்கா? இல்லை. பாடி இல்லேன்னா விபத்து இல்லை. விபத்து இல்லாத எடத்துல எப்படி ஒருத்தன் சாவான்?"

"தூணுல அவரு முடி வளருதே சார்."

"முடி யாருக்கு வேணா வளரும். செத்தவனுக்கு வளராது. நீயே யோசி, உன் பக்கம்தான் பேசறேன். முடி வளருதுன்னா ஆளு நல்லா இருக்கான்னு அர்த்தம்."

அந்த அறையில் கோதண்டத்துக்கு முதன்முதலாக ஒரு சுகம் வந்தது. ஒரு மனிதனைப் பார்த்துப் பயப்படுவது நின்று அருவருப்பு தொடங்கும்போது வருமே, அந்தச் சுகம். கழுத்து அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இனிமே நான் செரைக்க மாட்டேன்."

மறுநாள் சலூனை இடித்தார்கள். கோதண்டம் நாற்காலியையும் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு பத்தாம் தூணின் நிழலுக்குப் போனார், தலைகள் அங்கே வந்தன. பூங்காவனம் டீக்கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். பதினோராம் தூணில் முடி வளர்ந்தது. கம்பெனி பெயிண்ட் அடித்தது, பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வளர்ந்தது. மின்சார ரம்பத்தால் தேய்த்தார்கள், சாயங்காலத்துக்குள் வளர்ந்தது. திருவண்ணாமலையிலிருந்து கள்ளக்குறிச்சி வரை சலூன் சலூனாக ஆள் அனுப்பினார்கள். கோதண்டம் முடியாது என்று சொன்ன தலையை நாங்கள் தொடமாட்டோம் என்று எல்லாக் கடையிலும் ஒரே பதில் வந்தது. ஐப்பசி மழையில் முடி நனைந்து, முழ நீளத்துக்குத் தொங்கி, காற்றில் ஆடியது.

கமிட்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பு வித்யாசாகர் பத்தாம் தூணுக்கு நடந்தே வந்தார். சகதி ஷூவில் ஏறியிருந்தது.

"என்ன வேணும் உனக்கு? கடையைக் கட்டித் தரட்டுமா?"

"கடை வேணாங்க. தூணைச் செரைக்கிறேன். சுத்தமா, திரும்ப முளைக்காத மாதிரி. ஆனா அதுக்கு முன்னாடி வேலைக்காரங்க அத்தனை பேருக்கும் செரைக்கணும். தலையும் மீசையும்."

மேனேஜர் யோசித்தார். நூற்று நாற்பது பேர், நூற்று நாற்பது விதமான பரட்டை. கமிட்டியின் முன் அது எப்போதும் அசிங்கமாகத்தான் இருக்கும். அவர் வாழ்க்கையில் ஒரு சாவு வீட்டுக்கும் போனதில்லை, மாலை மட்டும் அனுப்புவார், அதுவும் டிரைவர் கையில். "நல்ல ஐடியா. ஒரே மாதிரி நீட்டா இருக்கும்" என்றார்.

கமிட்டி வரும் நாள் காலையில் சுற்று வட்டாரத்திலிருந்து இருபத்திரண்டு பேர் கத்திப்பெட்டியோடு வந்தார்கள். ஊரில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முன்னால் நிற்கிற கைகள் அவை. யார் செத்தார்கள், யார் பங்காளி என்பதைத் தாலுகா ஆபீசுக்கு முன்பே முடிவு செய்கிற கைகள். கோதண்டம் தூணடியில் செங்கல் வைத்து, நெல் பரப்பி, விளக்கேற்றினார். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாத மன்னாதனுக்கு யார் பங்காளி என்று சத்தமாகக் கேட்டார். ஒடிசா சம்பல்பூரிலிருந்து வந்த ஒரு கொத்தனார், சொன்னது புரிந்தோ புரியாமலோ, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர். எட்டு மணிக்குள் நூற்று நாற்பது தலையின் முடியும் இறங்கியது. கடைசியாகக் கோதண்டம் பெல்ட் மாட்டிக்கொண்டு மேலே போனார். தூணுக்கு எண்ணெய் வைத்துச் சீவி, அப்புறம் மழித்தார். விழுந்ததையெல்லாம் பூங்காவனம் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். கோதண்டம் சங்கை எடுத்து ஊதினார். ஐந்து மாதமாக நடக்காத சாவு அன்றைக்குத்தான் நடந்தது.

பதினொரு மணிக்குக் கமிட்டி வந்தது. அதன் தலைவர் பதினோராம் தூணைத் தடவிப் பார்த்து, "என்ன ஃபினிஷிங்!" என்றார். கண்ணாடி பீரோவைத் திறந்து எல்லோர் தலையிலும் ஹெல்மெட் வைத்து நிறுத்தினார்கள். மேனேஜர் நடுவில் கேடயத்தோடு சிரித்தார். போட்டோகிராபர் ரெடி என்று சொன்ன கணத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், நூற்று நாற்பது பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தார்கள்.

படம் நன்றாக வந்திருந்தது. கம்பெனிக்குப் பெருமை தாங்கவில்லை. தை பிறப்பதற்குள் அதையே பெரிய காலண்டராக அடித்து மந்திரி வீடு, பேங்க், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எல்லா அரசாங்க ஆபீசுக்கும் அனுப்பியது. உச்சியில் சந்தனம் இல்லாமல், மீசை இல்லாமல், சிரிப்பு இல்லாமல் நூற்று நாற்பது மொட்டைத் தலைகள்; நடுவில் ஒரே ஒரு ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு. காலண்டரை ஆணியில் மாட்டிய ஒவ்வொருவரும் ஒரு எட்டு பின்னால் வந்து பார்த்துவிட்டு, தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் தானாக வாயில் வருகிற கேள்வியைக் கேட்டார்கள்.

"யாரு செத்தது?"

பதில் கிடைக்காத கேள்வி ஈறில் மாட்டிய நார்போல உறுத்தியது. கலெக்டர் ஆபீசில் கேட்டார்கள். கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். யாரும் சாகவில்லை என்று கம்பெனி சொன்னது. அப்புறம் எதற்கு மொட்டை என்று திரும்பக் கேட்டார்கள். வெயிலுக்கு என்றது கம்பெனி. ஐப்பசி மழையில் என்ன வெயில் என்றார்கள்.

தாசில்தார் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. பூங்காவனம் இறப்புச் சான்றுக்காக மூன்று முறை வந்தபோதும், ஆள் காணாமல் போய் ஏழு வருடம் ஆகட்டும் என்று சொல்லி அனுப்பியவர். நான்காவது முறை அவள் வந்தபோது மேஜைக்கு எதிரே காலண்டர் மாட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. பத்து நாளாக அந்த நூற்று நாற்பது பேரும் அவர் டிபன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் கவனித்தார்.

"ஏம்மா, இவங்களை உனக்குத் தெரியுமா? யாருக்காக இந்த மொட்டை?"

"எங்க வூட்டுக்காரருக்குத்தான் சார்."

தாசில்தார் டம்ளரைக் கீழே வைத்தார். "சாட்சி இருக்கா?"

"படத்துலயே நிக்கிறாங்களே."

அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு, அந்த ஆபீசில் முதல்முறையாக, அவளை உட்காரச் சொன்னார். படிவத்தை எடுத்தார். பெயர் மன்னாதன் என்று எழுதினார். ஊர் எழுதினார். இறந்த இடம் என்ற கட்டத்தில், நெடுங்கல் கூட்டுரோடு மேம்பாலம், பதினோராம் தூண் என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "காரணம்?" என்று கேட்டார்.

பூங்காவனம் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். யார் எங்கே நின்றார்கள், எது உதறியது, எது பூட்டியிருந்தது, போனில் யார் என்ன கேட்டார், யார் யோசித்தார் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். தாசில்தார் எழுதினார். கட்டம் சின்னது. இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார், அதுவும் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினார்.